வட ஆப்பிரிக்காவின் முள்வால் ஓணான்: வால் வளையங்கள் சொல்லும் வகைப்பாடு

அல்ஜீரியா, துனீசியா, லிபியா ஆகிய நாடுகளின் கற்பாலை நிலங்களில் வாழும் முள்வால் ஓணான், 1825-ஆம் ஆண்டில் அறிவியல் பெயர் பெற்றது. யூரோமாஸ்டிக்ஸ் அகாந்தினூரா என்பது அதன் பெயர். பின்னர் மொராக்கோவிலிருந்து நைஜர் வரை சகாராவின் பல பகுதிகளில் கண்டறியப்பட்ட முள்வால் ஓணான்கள் பலவும் இதே பெயரின் கீழ் அதன் கிளைகளாகச் சேர்க்கப்பட்டன. அவற்றுள் பல தனித்தனிச் சிற்றினங்கள் என்பது கடந்த சில பத்தாண்டுகளில்தான் தெளிவாகியுள்ளது.

இந்தியாவுக்கும் இந்த வகைப்பாட்டில் தொடர்பு உண்டு. ராஜஸ்தானிலும் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் 'சாண்டா' என அழைக்கப்படும் இந்திய முள்வால் ஓணான், 2009-ஆம் ஆண்டு வரை ஆப்பிரிக்க ஓணான்களுடன் ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு வெளியான ஆய்வு அதனைத் தனிப் பேரினமாகப் பிரித்தது. வாலில் உள்ள முள் வளையங்களின் அமைப்பு அந்தப் பிரிவினைக்கான முக்கியச் சான்றுகளுள் ஒன்றாக அமைந்தது.

பன்னாட்டு வர்த்தகக் கட்டுப்பாடுகளும் பாதுகாப்புச் சட்டங்களும் உயிரினங்களை அவற்றின் அறிவியல் பெயரைக் கொண்டே அடையாளம் காண்கின்றன. ஆகவே பெயர் மாறும்போது சட்டப் பட்டியலும் மாற வேண்டியுள்ளது. வளர்ப்புப் பிராணி வணிகத்துக்காகவும், நினைவுப் பொருட்களுக்காகவும், எண்ணெய்க்காகவும் பிடிக்கப்படும் இவ்விலங்குகளைப் பொறுத்தவரை வகைப்பாட்டுக்கு நடைமுறை விளைவுகள் உள்ளன.

உடும்பு அல்ல, ஓணான்

தடித்த உடலும் குட்டையான கால்களும் கொண்ட இவ்விலங்கைப் படத்தில் பார்ப்பவர்கள் உடும்பு எனக் கருதக்கூடும். அது சரியன்று. உடும்பு ஊன் உண்ணும் விலங்கு; பாம்பைப் போல் பிளவுபட்ட நாக்கை உடையது; வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. முள்வால் ஓணானோ பெரும்பாலும் இலை, பூ, விதை ஆகியவற்றை உண்டு வாழ்வது. தமிழகத்தின் வேலிகளில் தலையை ஆட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் வேலி ஓணான் இடம்பெறும் அகாமிடே குடும்பமே இதன் குடும்பமும் ஆகும்.

பாம்புகளும் பல்லிகளும் அடங்கிய ஸ்குவாமாட்டா வரிசையில், இகுவானியா என்ற பெரும்பிரிவுக்குள் அகாமிடே குடும்பம் வருகிறது. அமெரிக்கக் கண்டங்களின் இகுவானாக்களும், பச்சோந்திகளும் இப்பெரும்பிரிவைச் சேர்ந்தவையே. இவற்றுள் ஓணான்களுக்கு மிக நெருங்கிய உறவினம் பச்சோந்தி. இரண்டுக்கும் பற்கள் தாடை எலும்பின் மேல் விளிம்பிலேயே ஒட்டியிருக்கும். தனிக் குழிகளில் பதிந்திருப்பதில்லை.

அகாமிடே குடும்பத்துக்குள் முள்வால் ஓணான்களுக்கு எனத் தனித் துணைக்குடும்பம் உண்டு. யூரோமாஸ்டிசினே எனப்படும் அதில் தற்போது 18 சிற்றினங்கள் ஏற்கப்பட்டுள்ளன. இவற்றுள் 15 யூரோமாஸ்டிக்ஸ் பேரினத்தையும், 3 சாரா பேரினத்தையும் சேர்ந்தவை.

வாலே ஆயுதம், வாலே கதவு

முழு வளர்ச்சி அடைந்த வட ஆப்பிரிக்க முள்வால் ஓணான், மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். எகிப்திலும் அரேபியாவிலும் வாழும் எகிப்திய முள்வால் ஓணான் 70 சென்டிமீட்டரைக் கடந்து வளரக்கூடியது என்பதால், பேரினத்துக்குள் அகாந்தினூரா நடுத்தர அளவினதே.

உடல் மேலிருந்து அழுத்தப்பட்டதுபோல் தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். தலை சிறியது, உருண்டையானது; மூக்கு மழுங்கியது. பக்கவாட்டில் பார்த்தால் முகம் ஆமையின் முகத்தை நினைவூட்டும். கால்கள் குட்டை, பருமன். விரல் நகங்கள் இறுகிய மண்ணைத் தோண்டுவதற்கு ஏற்ற வலிமை உடையவை. உடலெங்கும் சிறிய, ஒரே சீரான செதில்கள். கழுத்திலும் விலாப்புறங்களிலும் தோல் மடிந்து தொங்குவதைக் காணலாம். இந்தத் தளர்ந்த தோலுக்கு ஒரு பயன் உண்டு. பாறை இடுக்கிலோ வளையிலோ ஒளிந்திருக்கும் ஓணானை யாரேனும் இழுக்க முயன்றால், அது காற்றை உள்ளிழுத்து உடலை உப்பச் செய்து இடுக்கில் இறுகிக்கொள்ளும்.

வால் உடலைவிடக் குட்டையாக, பட்டையாக, வளையம் வளையமாக அமைந்திருக்கும். ஒவ்வொரு வளையத்திலும் கூரிய, கடினமான முட்செதில்கள் வரிசையாக நிற்கும். வளையங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 20. பெயரின் பொருளும் இதுவே. கிரேக்க மொழியில் 'அகாந்தா' என்றால் முள். 'ஊரா' என்றால் வால். பேரினப் பெயரான யூரோமாஸ்டிக்ஸ், வாலையும் சாட்டையையும் குறிக்கும் இரு சொற்களின் சேர்க்கை. ஆக, முழுப் பெயரில் வால் இரண்டு முறை வந்துவிடுகிறது. தமிழில் 'முள்வால்' என்ற ஒற்றைச் சொல் அதனைக் குறைவின்றித் தந்துவிடுகிறது.

எதிரி நெருங்கினால் ஓணான் தலையை முன்னே விட்டு வளைக்குள் புகும். வாலை மட்டும் வாயிலில் குறுக்கே நிறுத்தி, இடமும் வலமுமாக வீசும். வீட்டுப் பல்லிகளைப் போல் இது வாலைத் துண்டித்துவிட்டுத் தப்பிச் செல்வதில்லை. இதற்கு வால் தற்காப்புக் கருவி. இழந்தால் வளையின் கதவையே இழந்ததற்கு ஒப்பாகும்.

பற்களின் அமைப்பும் குறிப்பிடத்தக்கது. இளம் ஓணான்களுக்கு முன்பற்கள் இருக்கும். வளர வளர அவை மறைந்து, மேல்தாடையின் முன்புற எலும்பே உளி போன்ற கூர்முனையாக மாறிவிடும். வறண்ட செடிகளை வெட்டித் தின்ன இந்த அலகு போன்ற அமைப்பு உதவுகிறது. நார்மிக்க உணவைச் செரிக்கப் பெருங்குடலில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மாடுகளின் இரைப்பையில் நடக்கும் நொதித்தலுக்கு ஒப்பான வேலை இங்கு குடலின் பிற்பகுதியில் நடைபெறுகிறது. குட்டிகள் பூச்சிகளையும் உண்ணும். வயதாகும்போது தாவர உணவே முதன்மை பெறும்.

பாலைவனச் செடிகளில் பொட்டாசியம் உள்ளிட்ட உப்புகள் மிகுதி. குடிக்க நீர் கிடைக்காத இடத்தில் அந்த உப்பைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவது கட்டுப்படியாகாது. இதற்காக மூக்கின் உட்புறத்தில் உப்புச் சுரப்பிகள் உள்ளன. அவற்றிலிருந்து வழியும் அடர்ந்த உப்புநீர் காய்ந்து, நாசித் துளைகளைச் சுற்றி வெண்மையான படிவமாகத் தங்கும். நோய் அறிகுறி என்று தவறாகக் கருதப்படக்கூடிய இந்த வெண்பொடி, உடல் நீரை மிச்சப்படுத்தும் ஏற்பாட்டின் அடையாளம் ஆகும்.

நிறத்தை நம்ப முடியாது

காலையில் வளையிலிருந்து வெளிவரும் ஓணான் சாம்பல் அல்லது கரும்பழுப்பு நிறத்தில் இருக்கும். கருநிறம் வெயிலை விரைவாக ஈர்க்கும். உடல் சூடேறியதும் தோல் வெளிர்ந்து மஞ்சள், பச்சை, செம்மஞ்சள் நிறங்கள் தெளியும். ஒரே விலங்கை ஒரு மணி நேர இடைவெளியில் படம் எடுத்தால் இரண்டு வேறு விலங்குகள் என்று கருதத் தோன்றும். ஓணானின் வயது, பால், வாழிடம் ஆகியவற்றுக்கு ஏற்பவும் நிறம் வேறுபடும். குட்டிகள் மண்ணிறத்தில் இருக்கும். ஆண்களுக்குப் பொதுவாக நிறம் பளிச்சிடும். அருகருகே வாழும் இரண்டு ஆண்கள்கூட ஒன்று பச்சையாகவும் மற்றொன்று செம்மஞ்சளாகவும் இருப்பது உண்டு.

இவ்விலங்கு இத்தனை காலம் குழப்பத்துக்கு உள்ளானதற்கு இந்த நிற மாற்றமும் ஒரு காரணம் எனலாம். வாங்குவோரும் விற்போரும் நிறத்தைப் பார்க்கின்றனர். வகைப்பாட்டியலாளர்களோ செதில்களை எண்ணுகின்றனர். உடலின் நடுப்பகுதியைச் சுற்றி எத்தனை செதில்கள், வயிற்றில் எத்தனை வரிசைகள், வாலில் எத்தனை வளையங்கள், காதின் முன்விளிம்பில் உள்ள செதில்கள் பெரியனவா, தொடையின் அடிப்புறத்தில் மெழுகு போன்ற பொருளைச் சுரக்கும் துளைகள் உள்ளனவா என்பனவே அவர்கள் பார்க்கும் அடையாளங்கள். அருங்காட்சியகங்களில் நூறாண்டுகளுக்கு மேலாகச் சாராயத்தில் பாதுகாக்கப்பட்டு நிறமிழந்த மாதிரிகளிலும் இவற்றைச் சரிபார்க்க முடியும் என்பது இம்முறையின் பலம்.

பெல் முதல் டி.என்.ஏ. வரை

அகாந்தினூராவை 1825-இல் முதன்முதலாக விவரித்தவர் ஆங்கிலேய விலங்கியலாளர் தாமஸ் பெல். அதே ஆண்டில் கலாபகோஸ் தீவுகளின் கடல் இகுவானாவுக்கும் அவரே அறிவியல் பெயர் அளித்தார். பின்னாளில் சார்லஸ் டார்வின் பீகிள் கப்பல் பயணத்தில் சேகரித்த ஊர்வனவற்றை ஆராயும் பொறுப்பும் அவரிடமே வந்தது. யூரோமாஸ்டிக்ஸ் என்ற பேரினப் பெயர் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே, 1820-இல், ஜெர்மானிய இயற்கையியலாளர் பிளாசியஸ் மெர்ரெம் அவர்களால் உருவாக்கப்பட்டிருந்தது.

பழைய நூல்களில் இந்தச் சிற்றினம் 'அகாந்தினூரஸ்' என்று காணப்படும். அது வேறு விலங்கு அன்று. பேரினப் பெயரில் உள்ள 'மாஸ்டிக்ஸ்' கிரேக்கத்தில் பெண்பாற்சொல் என்பதால், அதனுடன் வரும் அடைமொழியும் பெண்பால் விகுதி பெற வேண்டும் என்ற இலக்கண விதிப்படி 'அகாந்தினூரா' எனத் திருத்தப்பட்டது. விலங்கியல் பெயரிடலில் இலக்கணப் பிழைக்கும் திருத்தம் உண்டு.

அடுத்தடுத்து வந்த பெயர்கள் குழப்பத்தை வளர்த்தன. 1827-இல் ஹெய்டன் விவரித்த 'டிஸ்பர்', 1912-இல் ரோத்ஸ்சைல்டும் ஹார்ட்டெர்ட்டும் அறிமுகப்படுத்திய 'நைக்ரிவென்ட்ரிஸ்', 1922-இல் முல்லர் விவரித்த 'கெய்ரி' ஆகியவை இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அகாந்தினூராவின் துணையினங்களாகவே நடத்தப்பட்டன. இன்று மூன்றும் தனிச் சிற்றினங்கள். லிபிய-அல்ஜீரிய எல்லைப் பகுதி மலைகளில் வாழும், முதிர்ந்தபின் ஏறக்குறைய முழுக் கருமை அடையும் 'ஆல்பிரட்ஸ்மிட்டி' 2001-இல்தான் விவரிக்கப்பட்டது. இந்த நான்கும் அகாந்தினூராவும் சேர்ந்து ஒரே உறவுக் குழுவாகக் கொள்ளப்படுகின்றன.

இவற்றின் வாழிடங்கள் பெரும்பாலும் வேறுபட்டவை. மொராக்கோவிலும் அதனை ஒட்டிய மேற்கு அல்ஜீரியாவிலும் காணப்படுவது நைக்ரிவென்ட்ரிஸ். லத்தீனில் 'கருவயிறு' என்று பொருள். தெற்கு அல்ஜீரியா, மாலி, நைஜர் நாடுகளின் மலைப் பாறைகளில் வாழ்வது மெலிந்த உடலும் நீண்ட வாலும் கொண்ட கெய்ரி. டிஸ்பர் மொரிட்டானியாவிலிருந்து சூடான் வரை சகாராவின் தென்பகுதியில் சிதறிக் கிடக்கிறது. மாலி நாட்டு ஓணான் 1996-இல் 'மாலியென்சிஸ்' என்ற பெயரில் தனிச் சிற்றினமாக அறிவிக்கப்பட்டு, பின்னர் டிஸ்பரின் துணையினமாக மாற்றப்பட்டது. வளர்ப்புப் பிராணிச் சந்தையில் அது இன்றும் பழைய பெயரிலேயே புழங்குகிறது.

தாமஸ் வில்ம்ஸ், வொல்ப்காங் பியோமே உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட திருத்தம் இத்துறையில் முக்கியமானது. உடல் அடையாளங்களையும் மரபணுத் தரவுகளையும் இணைத்து ஆராய்ந்த அவர்கள், ஆசியாவின் மூன்று சிற்றினங்களை யூரோமாஸ்டிக்ஸ் பேரினத்திலிருந்து வெளியே எடுத்தனர். அவற்றுக்காக, 1845-இல் ஜான் எட்வர்டு கிரே உருவாக்கிப் பயன்பாட்டில் இல்லாதிருந்த 'சாரா' என்ற பேரினப் பெயரை மீட்டெடுத்தனர்.

வேறுபாட்டை வாலின் மேற்புறத்தில் காணலாம். ஆப்பிரிக்க, அரேபிய ஓணான்களுக்கு ஒரு முள் வளையம் முடிந்ததும் அடுத்தது உடனே தொடங்கும். சாரா பேரினத்தைச் சேர்ந்தவற்றுக்கு இரு முள் வளையங்களுக்கு இடையே சிறு செதில்களாலான வரிசைகள் குறுக்கிடும். உருப்பெருக்கி இல்லாமலேயே இதனை அறியலாம்.

2018-இல் காரின் தமார் தலைமையிலான குழு, 129 யூரோமாஸ்டிக்ஸ் மாதிரிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு அடுத்த கட்ட ஆய்வை வெளியிட்டது. 15 சிற்றினங்களில் 14 அதில் இடம்பெற்றன. அந்த 14-ம் தனித்தனிப் பரிணாமக் கால்வழிகள் என்ற முடிவை ஆய்வு எட்டியது. இப்பேரினம் மயோசீன் காலத்தின் நடுப்பகுதியில் தென்மேற்கு ஆசியாவில் கிளைக்கத் தொடங்கி, பின்னர் வட ஆப்பிரிக்காவில் பல்கிப் பெருகியது என்பதும் அதன் மதிப்பீடு. செங்கடல் விரிந்ததும், கடல்மட்டம் ஏறி இறங்கியதும், நிலம் வறண்டதும் இவற்றின் கூட்டங்களைப் பிரித்தன. சகாராவின் அடையாளமாகக் கருதப்படும் இவ்விலங்கின் மூதாதையர் ஆசியாவிலிருந்து சென்றவை என்பது இதன் பொருள்.

தார் பாலைவனத்து உறவினம்

சாரா பேரினத்தின் மூன்று சிற்றினங்களுள் ஒன்றே இந்தியாவில் உள்ளது. இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியும் இயற்கை ஆர்வலருமான தாமஸ் ஹார்ட்விக்கின் பெயரால் 'ஹார்ட்விக்கி' எனக் கிரே 1827-இல் அதற்குப் பெயரிட்டார். மற்ற இரண்டும் ஈரானையும் அதன் அண்டை நாடுகளையும் சேர்ந்தவை. இந்திய ஓணான் மணல்நிறம் கொண்டது. சகாரா உறவினங்களின் வண்ணப் பகட்டு அதற்கு இல்லை. உணவும் வளை வாழ்வும் பெரிதும் ஒத்தவை. ஜெய்சல்மேர் பகுதியின் புல்வெளிகளில் கழுகுகளுக்கும் வல்லூறுகளுக்கும் இது முக்கிய இரையாக விளங்குகிறது.

மனிதர்களிடமிருந்து அதற்கு வரும் ஆபத்து வேறு விதமானது. அடிவயிற்றிலும் வாலடியிலும் சேரும் கொழுப்பை உருக்கி எடுக்கப்படும் 'சாண்டா எண்ணெய்' மூட்டுவலிக்கும் ஆண்மைக் குறைவுக்கும் மருந்து என்று இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் விற்கப்படுகிறது. இக்கூற்றுக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. பிடிபட்ட ஓணான்கள் ஓடிவிடாதிருக்க முதுகெலும்பை முறித்து வைக்கும் கொடுமையும் நடைபெறுகிறது.

வட ஆப்பிரிக்காவிலும் நிலை பெரிதும் மாறுபட்டதன்று. பாலைவன மக்கள் இதனை நெடுங்காலமாக உணவாகக் கொண்டுள்ளனர். அரபு மொழியில் முள்வால் ஓணான்களுக்குப் பொதுப்பெயர் 'தப்'. மொராக்கோ உள்ளிட்ட இடங்களில் பதப்படுத்திப் பஞ்சடைத்த ஓணான்கள் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கப்பட்டுள்ளன. ஐரோப்பிய, அமெரிக்க வளர்ப்புப் பிராணிச் சந்தைகளுக்கும் சகாரா நாடுகளிலிருந்து உயிருடன் அனுப்பப்பட்டன. இவை இனப்பெருக்க வயதை அடையச் சில ஆண்டுகள் ஆகும். முட்டையிடுவதும் ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் அரிது. ஒரே பள்ளத்தாக்கில் தொடர்ந்து பிடிக்கப்பட்டால் அங்குள்ள கூட்டம் மீள்வது கடினம்.

பட்டியலில் பெயர்

அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் யூரோமாஸ்டிக்ஸ் பேரினம் முழுவதும் 1977 முதல் இடம்பெற்றுள்ளது. ஏற்றுமதி அனுமதிச் சான்று இன்றி இவற்றை எல்லை கடந்து கொண்டுசெல்ல முடியாது. பேரினம் இரண்டாகப் பிரிந்தபின், யூரோமாஸ்டிக்ஸ் என்ற சொல் மட்டும் பட்டியலில் நீடித்திருந்தால் இந்தியச் சாண்டாவைப் பற்றி ஐயம் எழுந்திருக்கும். தற்போதைய பட்டியலில் சாரா பேரினமும் தனியே குறிப்பிடப்பட்டுள்ளது.

பேரினம் முழுவதையும் சேர்த்ததில் ஒரு வசதி உண்டு. சுங்க அதிகாரி ஒருவர் பெட்டிக்குள் இருப்பது அகாந்தினூராவா, நைக்ரிவென்ட்ரிசா என்று செதில் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. வாலில் முள் வளையம் இருப்பதைக் கண்டால் அனுமதிச் சான்றைக் கேட்கலாம். ஆனால் எந்த நாட்டில் எந்தக் கூட்டம் குறைகிறது என்பதைக் கணக்கிடச் சிற்றினத்தின் சரியான பெயர் தேவை. பரந்த சகாராவெங்கும் வாழும் ஒரே ஓணான் என்று கணக்கிட்டால் அது எண்ணிக்கையில் மிகுந்ததாகத் தோன்றும். அதே ஓணான்களை ஐந்து சிற்றினங்களாகப் பிரித்தால், ஆல்பிரட்ஸ்மிட்டி போன்றவை ஒரு சில மலைத்தொடர்களில் மட்டுமே எஞ்சியிருப்பது புலப்படும்.

இந்தியாவில் சாண்டா ஓணான் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்படுகிறது. அதனைப் பிடிப்பதும், கொல்வதும், அதன் எண்ணெயை விற்பதும் குற்றம். 2022-இல் நிறைவேற்றப்பட்ட திருத்தம், சைட்டிஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களுக்கெனத் தனி அட்டவணை ஒன்றையும் சட்டத்தில் சேர்த்தது. இதன்படி, சகாரா முள்வால் ஓணான் ஒன்றை இந்தியாவில் வளர்ப்புப் பிராணியாக வைத்திருப்பவரும் அது குறித்துத் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகளை மத்திய அரசு 2024 பிப்ரவரியில் அறிவிக்கை செய்தது. பதிவு, சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாக மேற்கொள்ளப்படுகிறது.